மணலில் ஒரு சுழி

தாராபுரத்தில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துத் தாம்பாளத்தில் பரப்பிவைத்தால், அதைவிட நல்ல சிலேட்டு வேறில்லை. பிள்ளையின் ஆட்காட்டி விரலைப் பிடித்து 'அ'வுக்குச் சுழி போடும்போது சரசரவென்று மெல்லிய சத்தம் வரும். மணல் இருபுறமும் ஒதுங்கிக் குட்டி வரப்பு கட்டும். தப்பினால் ரப்பர் தேட வேண்டாம். தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும்.

அங்கன்வாடித் தரையில் இன்னொரு அழகு. டீச்சர் சாக்பீஸால் பெரிதாக 'ட' எழுதுவார். பிள்ளைகள் அதன்மேல் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். இரண்டே நேர்கோடுகள், சீக்கிரம் கைவந்துவிடும். 'இ'தான் சோதிக்கும். எங்கே வளைவது, எங்கே திரும்புவது என்று தெரியாமல் விரல் நடுவழியில் நின்றுவிடும். "மெதுவா வாங்க கண்ணு, இன்னொருக்கா போலாம்" என்று அதே வழியில் திரும்பக் கூட்டிப்போகிற பொறுமை இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் கையை இறுக்கிப் பிடிப்பதில்லை; மணிக்கட்டுக்குக் கீழே ஏந்திக்கொள்கிறார், அவ்வளவுதான். வீட்டில் எழுதப் பழக்குகிறவர்கள், பென்சிலைக் கொடுக்குமுன் ஒரு தட்டு மணல் கொடுத்துப் பாருங்கள்.