இருமொழி வாசிப்பும் ஒப்பிலக்கியக் கல்வியும்: திருவாய்மொழி உரைமரபை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்: முதுகலைத் தமிழ்க் கல்வியில் ஒப்பிலக்கியம் இரு நூல்களுக்கிடையிலான ஒற்றுமைகளைத் தொகுக்கும் பயிற்சியாகச் சுருங்கியுள்ளது. திருவாய்மொழியின் மணிப்பிரவாள உரைகளை ஒப்பிலக்கியப் பாடமாக வாசிக்க இயலுமா என்பதையும், அவ்வாசிப்பின் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒப்பிலக்கியம், மணிப்பிரவாளம், ஆறாயிரப்படி, ஈடு, உபயவேதாந்தம்.

ஒப்பிலக்கியத் தாளைப் பயிலும் முதுகலை மாணவர் பிரெஞ்சுக் கொள்கையினர், அமெரிக்கக் கொள்கையினர் என்ற பாகுபாட்டை மனனம் செய்கிறார். வான் தீகமின் 1931ஆம் ஆண்டு நூலும், 1958இல் ரெனே வெல்லக் இத்துறையின் நெருக்கடி குறித்து ஆற்றிய உரையும் வினாத்தாளில் இடம்பெறுகின்றன. ஆய்வேடு என்று வரும்போதோ இரு கவிஞர்களின் இயற்கை வருணனை, பெண்மை, சமுதாயப் பார்வை என இயல்கள் பிரிந்து, ஒற்றுமைகள் அடுக்கப்படுகின்றன. அவ்விருவருள் ஒருவரையேனும் மாணவர் மொழிபெயர்ப்பிலேயே படித்திருப்பார். அம்மொழிபெயர்ப்பு என்ன செய்தது என்ற வினா எழுவதே இல்லை.

முன்னோடிகள் இவ்வழியில் செல்லவில்லை. க. கைலாசபதி தமது வீரயுகப் பாடல் ஆய்வில் (1968) சங்கப் பாடல்களைக் கிரேக்கக் காப்பியங்களோடு ஒப்பிட்டபோது, ஒற்றுமைக்கான சமூகக் காரணத்தைத் தேடினார். வை. சச்சிதானந்தன் விட்மனையும் பாரதியையும் ஒப்பிட எடுத்துக்கொண்டதற்குப் பாரதி விட்மனை அறிந்திருந்தார் என்ற உறுதியான அடிப்படை இருந்தது. ஆயினும் இவ்விரு வழிகளிலும் தமிழுக்கு எதிரே நிற்பது மேலைமொழிதான். ஒரே வாசகரின் உள்ளத்தில் இரு மொழிகள் ஒருசேர இயங்கும் நிலை இவற்றுள் மையம் பெறவில்லை. அந்நிலைக்குத் தமிழில் மிகப்பெரிய சான்றாக நிற்பது வைணவ உரைமரபு.

1017இல் ஸ்ரீபெரும்புதூரில் தோன்றியதாக மரபு கூறும் இராமாநுசர் இயற்றிய நூல்கள் அனைத்தும் வடமொழியில் அமைந்தவை. ஆழ்வார் பாசுரங்களுக்கு அவர் உரை எழுதவில்லை. அவரது ஆணையால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் செய்ததாகச் சொல்லப்படும் ஆறாயிரப்படியே திருவாய்மொழியின் முதல் உரை. 'படி' என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட அளவு. ஆறாயிரத்தை விட்டுணு புராணத்தோடும், ஒன்பதினாயிரத்தை ஸ்ரீபாஷ்யத்தோடும், இருபத்துநாலாயிரத்தை இராமாயணத்தோடும் மரபு இணைத்துப் பேசும். தமிழ்ப் பாட்டுக்கு எழுந்த உரையின் பருமனைக்கூட வடமொழி நூலைக் கொண்டு அளந்த மரபு இது. ஒப்பீடு இங்குப் பிற்கால ஆய்வாளர் சுமத்தியது அன்று.

முதற் பாசுரத்தில் வரும் 'நலம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தமிழில் அது அழகு, நன்மை, இன்பம், அன்பு எனப் பல பொருள்களில் விரியும். உரைகாரர்கள் அதனை இறைவனின் கல்யாண குணங்களாகக் கொண்டு, தைத்திரீய உபநிடதத்தின் ஆனந்தவல்லியோடு இணைக்கின்றனர். கல்யாண குணம் என்பது இராமாநுசரின் வடமொழி நூல்களில் மையமான கருத்து. இவ்விணைப்பால் சொல்லுக்கு ஒரு தத்துவ ஆழம் கிடைக்கிறது. அதே வேளையில் அதன் தமிழ்ப் பொருட்பரப்பு குறுகவும் செய்கிறது. இந்த ஈட்டமும் இழப்புமே ஒப்பிலக்கிய வகுப்பில் பேசப்பட வேண்டியவை. ஜான் கார்மன், வசுதா நாராயணன் இருவரும் 1989இல் வெளியிட்ட பிள்ளான் பற்றிய நூல் இத்திசையில் வெகுதூரம் சென்றுள்ளது. அந்நூல் ஆங்கிலத்தில் உள்ளது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ் மாணவர் பலர் ஈட்டை அறிவது பு. ரா. புருஷோத்தம நாயுடுவின் 'ஈட்டின் தமிழாக்கம்' வழியாகவே. சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட அவ்வரிய உழைப்பு இல்லையேல் ஈடு தமிழ்த்துறைக்குள் நுழைந்தே இராது. ஆயினும் மணிப்பிரவாளம் தமிழாகும்போது, இரு மொழிகளும் ஒரே தொடருக்குள் உரசிக்கொள்ளும் இடங்கள் கண்ணுக்கு மறைகின்றன. மூலத்தையும் ஆக்கத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களாக வைத்து ஒரு பருவம் முழுவதும் ஒரேயொரு பதிகத்தைப் படிப்பது, பத்துக் கவிஞரை ஒப்பிடுவதைவிடப் பயன்தரும் என்பது என் கருத்து. அதற்குக் கிரந்த எழுத்தும் அடிப்படை வடமொழியும் வேண்டும். தமிழ்த்துறைகள் தயங்குவது இவ்விடத்தில்தான்.

அத்தயக்கம் வடமொழியோடு நிற்பதன்று. ஸ்ரீபெரும்புதூரைச் சூழ்ந்த இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பகுதிகளில் இன்று ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் வாழ்கின்றனர். இம்மொழிகளுள் ஒன்றின் கவிதையை மூலத்தில் படிக்கப் பயிற்றும் தமிழ் முதுகலை வகுப்பு அரிது.

உரைமரபை அப்படியே முன்மாதிரியாக ஏற்பதிலும் இடர் உண்டு. உபயவேதாந்தம் இரு மறைகளும் ஒரே பொருளைக் கூறுவன என்று முன்னரே முடிவு செய்துவிடுகிறது. வேற்றுமையை அது தேடுவதில்லை. திருவாய்மொழியின் நூறு பதிகங்களில் இருபத்தேழு பெண்குரலில் அமைந்தவை: மகள் பேச்சு பதினேழு, தாய் பேச்சு ஏழு, தோழி பேச்சு மூன்று. தாய், தோழி ஆகியோரின் கூற்றுகள் அகத்திணை மரபிலிருந்து வந்தவை. இராமாநுசரின் வேதாந்த நூல்களில் இக்குரல்களுக்கு நேரான ஓர் இடம் இல்லை. உரைகாரர்கள் அவற்றை ஆழ்வாரின் பக்தி நிலையாக விளக்கி அமைகின்றனர். சங்க அகப்பாடலைக் கற்றுவரும் தமிழ் மாணவர் அவ்விளக்கத்தோடு அமையாமல், தோழி ஏன் பேசுகிறாள் என்று கேட்கக்கூடும். அக்கேள்விக்கான விடையை ஆறாயிரப்படியில் மட்டும் தேட முடியாது. தொல்காப்பியக் களவியலையும் உடன் திறக்க வேண்டியிருக்கும்.