பின்வரிசைப் பாட்டியின் முகம்: ஸ்லைடிலிருந்து பிடிஎஃப் வரை

பழைய தோட்டத்துக் குழுப்படங்களில் நடுநாற்காலியில் துரை, பக்கத்தில் கிராணி, பின்னால் மூன்று வரிசையில் பால்வெட்டு ஆட்கள். படத்தைப் பார்க்கிறவர்கள் பெரிதாக்கித் தேடுவது பின்வரிசை ஓரத்தில் நிற்கும் தங்கள் பாட்டியை.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான் உருவானது. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே தொடங்கிய தென்னமரம் தோட்டம் அது. அவருடைய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டம் தொடங்கியவரின் அந்த நாவல் நூலகங்களில் இருக்கிறது. இப்படிப்பட்ட தோட்டங்களில் உழைத்தவர்களின் முகங்களோ பெரும்பாலும் குடும்ப ஆல்பங்களில்தான் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து, ஸ்லைடுகளாகக் கோத்து, பிடிஎஃப் ஆக்கிச் சொந்தங்களுக்கு அனுப்பும்போது எந்த மென்பொருள் முகங்களைக் காப்பாற்றுகிறது என்று பார்த்தேன்.

முதலில் கணக்கு. ஆறு அங்குல அகலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அகலம் 3600 பிக்சல். வரிசைக்கு இருபது பேர் நிற்கும் படத்தில், ஒருவருக்குரிய அகலத்தில் பாதி முகம் என்று வைத்தால், ஒரு முகத்துக்கு ஏறத்தாழ 90 பிக்சல் கிடைக்கும். பவர்பாயிண்ட் ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம். அதில் பாதியை இந்தப் படத்துக்குக் கொடுத்து, அங்குலத்துக்கு 220 பிக்சல் என்று சுருக்கினால் மிஞ்சுவது 1467, முகத்துக்கு 37. அதையே 150க்கு இறக்கினால் 25. மூக்கும் வாயும் கலங்கிப்போக அது போதும்.

பவர்பாயிண்ட் பல பதிப்புகளில் இந்தச் சுருக்கத்தைக் கேட்காமலே செய்துவிடும், அதுவும் சேமிக்கும்போதே. ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், கோப்பிலுள்ள படங்களைச் சுருக்காதே என்ற கட்டத்தைப் படம் சேர்ப்பதற்கு முன்பே டிக் செய்ய வேண்டும். ஒருமுறை சுருங்கிய படம் மீளாது. பிடிஎஃப் ஆக்கும்போது ‘மினிமம் சைஸ்’ பக்கமே போகாமல் ‘ஸ்டாண்டர்டு’ தேர்ந்தெடுங்கள். அப்போதும் பெரிய படங்களை அது கொஞ்சம் குறைத்தே எழுதுகிறது. எவ்வளவு வேண்டும் என்று சொல்ல அந்தப் பெட்டியில் இடமே கிடையாது. இத்தனை காலமாகப் புழங்கும் மென்பொருளில் இது பெரிய குறை.

இதற்கு ஒரு வழி உண்டு. தொகுக்கத் தொடங்கும்போதே ஸ்லைடின் அளவை 26.67க்கு 15 அங்குலமாக்கிவிடுங்கள். 56 அங்குலம் வரை பவர்பாயிண்ட் அனுமதிக்கும். அங்குலக் கணக்கில்தான் அது குறைக்கிறது என்பதால், பக்கம் இரண்டு மடங்கானால் பிக்சலும் இரண்டு மடங்கு தங்கும்.

எனக்குப் பிடித்தது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸ் இம்ப்ரெஸ். பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் இழப்பில்லாச் சுருக்கமா, ஜேபெக்கா என்று நம்மையே கேட்கிறது. முன்னதைத் தேர்ந்து, 300 டிபிஐக்குக் குறைக்கும் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டால், ஸ்கேனில் இருந்தது அப்படியே பிடிஎஃப்பில் வந்து நிற்கிறது. சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் போன்ற எழுத்துள்ள ஸ்கேன்களுக்கு இது மிக அவசியம். ஜேபெக் அழுத்தினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். ஒரு எச்சரிக்கை: பவர்பாயிண்டில் செய்த கோப்பை இதில் திறந்தால், அதே தமிழ் எழுத்துரு கணினியில் இல்லாதபோது வரிகள் பெட்டிக்கு வெளியே வழியும். ஏற்றுமதிக்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் கீநோட்டில் ‘பெஸ்ட்’ தரத்தைத் தேர்ந்தால் போதும்.

எந்த மென்பொருளாலும் திருத்த முடியாத ஒன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்து சேர்ந்த ஸ்கேன். நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகிவிட்ட பிறகுதான் அது நம் கைக்கே வருகிறது. ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ உள்ள மாமாவிடம் படம் கேட்கும்போது, “டாக்குமெண்டா அனுப்புங்க மாமா” என்று சொல்லிவிடுங்கள். முடிந்த பிடிஎஃப்பையும் டாக்குமெண்டாகவே அனுப்புங்கள். மூல ஸ்கேன்களை ஒரு பென்டிரைவிலும் வேறொரு வீட்டிலும் தனியாக வைத்திருங்கள்.