கண்மாய்க்காரர்களின் கடல்

மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் ரவிவர்மா படங்களில் ஒன்று, கடலரசனை இராமன் அடக்கும் காட்சி. 1906இல் தீட்டியது, அவர் மறைந்ததும் அதே ஆண்டுதான். பாறைமேல் வில்லோடு இராமன், கீழே கொந்தளிக்கும் அலை, அலைக்குள்ளிருந்து எழுந்து இறைஞ்சும் வருணன். நுரையின் ஈரம்கூடக் கண்ணில் படுகிறது. படம் இடறுவதும் அங்கேதான். கடல் அத்தனை மெய்யாக இருப்பதால், மகுடத்தோடு எழுகிற தேவன் பார்சி நாடக மேடையிலிருந்து வழிதவறி வந்தவர்போல் ஆகிவிடுகிறார். இவ்வளவு தண்ணீரிலும் நகை கலையவில்லையே என்று மனம் குறும்பாகக் கேட்கிறது.

மதுரையை அடுத்த அழகர்கோயிலின் வசந்த மண்டபத்தில் இராமாயணம் வரைந்த நாயக்கர் கால மரபின் முன் இந்தக் கேள்வி எழுவதில்லை. அந்த மரபில் நீர் என்பது கூடை முடைந்ததுபோல் வளைந்து வளைந்து அடுக்கிய கோடுகள். ஊடே மீன், ஆமை, நண்டு. தொடுவானம் கிடையாது. ஆழத்தில் கிடப்பதும் மேலே மிதப்பதும் ஒரே தளத்தில் தெரியும். கடலைக் காணாத உள்நாட்டுக்காரரின் அறியாமை இது என்பார்கள். அப்படியானால் யானையின் துதிக்கை மடிப்பையும் சேலைக் கரையையும் அதே கை அவ்வளவு நுட்பமாகப் பிடித்தது எப்படி? பார்க்கத் தெரியாத கண் அல்ல அது. கண்மாயை நம்பி வாழும் சமவெளியில் தண்ணீரின் பளபளப்பை யார் ரசித்துக்கொண்டிருப்பார்கள்? உள்ளே கெண்டை இருக்கிறதா, மடைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் பேச்சு. ஓவியரும் நீரின் மேல்தோலை விட்டுவிட்டு, அதற்குள் இருப்பதை வரைந்தார். போதாததற்கு மதுரைக் கதைகளில் கடல் இயற்கைக் காட்சியே அல்ல, ஒரு பாத்திரம். திருவிளையாடலில் மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராடுவதற்காக ஏழு கடலும் ஊருக்கு வருகின்றன. எழுகடல் தெரு அந்தப் பெயரை இன்னும் சுமக்கிறது. ஊரை அழிக்கப் பொங்கிய கடல், உக்கிரபாண்டியன் வேலெறிந்ததும் சுவறிப்போகிறது. கூப்பிட்டால் வருகிற, அடித்தால் அடங்குகிற கடலுக்கு ஒளியும் நிழலும் தந்து மெய்யாக்கினால், கதை பொய்யாகிவிடும். கோட்டில் பின்னிய நீரிலோ மீனும் தேவனும் ஒரே ஊர்க்காரர்கள்.

ஆனால் அந்தக் கடலைக் கண்டு பயம் வராது என்றால், அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ரவிவர்மாவின் அலையில் காற்று இருக்கிறது. நாயக்கர் கால மரபின் கடல் மிக இணக்கமானது. இராமன் வில்லை எடுக்கும் அளவுக்கு அது என்ன முரண்டு பிடித்திருக்கும் என்று தோன்றிவிடுகிறது.