பூனையும் படிகமும்: வடிவியற் கட்டத்தின் வரலாறு

மல்லாக்கப் பிடித்துவிட்ட பூனை காலூன்றியே தரையிறங்குகிறது. சுழலாமல் விழத் தொடங்கிய உடல், பற்றிக்கொள்ள எதுவுமற்ற காற்றில் பாதிச் சுற்றுத் திரும்புவது கோண உந்த மாறா விதிக்குப் பொருந்துமா என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலாளர்களை உறுத்தியது. மாக்ஸ்வெல் கேம்பிரிட்ஜில் பூனைகளைச் சன்னல் வழியே எறிந்தார் என்றுகூட ஒரு பேச்சு உலவியது. 1870இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதை மறுத்தார்: மேசைக்கோ மெத்தைக்கோ இரண்டு அங்குலம் மேலிருந்து விட்டுப் பார்ப்பதுதான் முறையாம். 1894இல் பாரிஸில் எத்தியேன்-ஜூல் மாரே எடுத்த தொடர் ஒளிப்படங்கள், பூனை தன்னைப் பிடித்த கையை உந்தித்தான் சுழற்சி பெறுகிறது என்ற விளக்கத்துக்கு இடமில்லாமல் செய்தன.

பூனை இடுப்பில் வளைந்து, முன்கால்களை ஒடுக்கிப் பின்கால்களை நீட்டுகிறது. ஒடுங்கிய முன்பாதி நிறையத் திரும்ப, விரிந்த பின்பாதி எதிர்த்திசையில் கொஞ்சமே திரும்புகிறது. அடுத்து முன்னங்கால் நீள, பின்னங்கால் ஒடுங்குகிறது. மொத்தக் கோண உந்தம் எந்தக் கணத்திலும் சுழியே. உடலின் வடிவம் தொடங்கிய நிலைக்கே வந்துவிட்டது. உடல் பார்க்கும் திசை மட்டும் மாறிவிட்டது. கேனும் ஷெரும் இதற்கு 1969இல் தெளிவான கணித மாதிரி தந்தார்கள்.

சுற்றி வந்த பாதையின் வடிவத்தால் மட்டுமே எஞ்சும் இந்த வேறுபாடுதான் வடிவியற் கட்டம். ஃபூக்கோ 1851இல் தொங்கவிட்ட ஊசலிலும் அது இருந்தது. பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் ஊசலின் தளம் ஓஸ்லோவில் சுமார் 311 பாகையும், சென்னையில் 80க்குச் சற்று மேலும் திரும்பும்.

ஒளியியலில் இதைக் கண்டவர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்தினம். பெங்களூரு ராமன் ஆய்வு நிலையத்தில் படிகங்களின் வழியே செல்லும் முனைவாக்கப்பட்ட ஒளியை ஆராய்ந்தவர், 1956இல், 22 வயதில், வேறுவேறு முனைவாக்கம் கொண்ட இரு கற்றைகள் ஒரே கட்டத்தில் உள்ளன என்று எப்போது சொல்லலாம் என்று கேட்டார். குறுக்கிட்டு மிகப் பிரகாசமாகத் தெரியும்போது என்பது அவர் வகுத்த விடை. எளிமையான இந்த வரையறையில் ஒரு வில்லங்கம் உண்டு. முதற்கற்றை இரண்டாவதோடும் இரண்டாவது மூன்றாவதோடும் ஒத்துப்போனாலும், மூன்றாவது முதலாவதோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. முனைவாக்க நிலைகளைப் புள்ளிகளாகக் காட்டும் புவான்காரே கோளத்தில் அம்மூன்றும் ஒரு முக்கோணமாகும். அது மையத்தில் தாங்கும் திண்மக் கோணத்தில் பாதியே விடுபடும் கட்டம். கிடைத்தளம், 45 பாகைச் சாய்தளம், வட்டம் என்ற மூன்று முனைவாக்கங்கள் வழியே ஒளி சுற்றி வந்தால் முக்கோணம் கோளத்தின் எட்டில் ஒரு பங்கு. கட்டம் 45 பாகை.

கட்டுரை இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் வெளிவந்தது. ஒளித்துவைக்கப்பட்டதல்ல, ஆனாலும் படிகவியலுக்கு வெளியே அதைத் தேடுவார் இல்லை. பஞ்சரத்தினம் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு சென்று 1969இல், 35 வயதில் இறந்தார். 1984இல் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயக்கவியலில் வடிவியற் கட்டத்தின் பொதுவிதியை நிறுவிய பிறகே, ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 1986இல் பழைய கட்டுரையைச் சுட்டிக்காட்டினார்கள். பெர்ரி அந்த முன்னுரிமையை மனமார ஏற்று எழுதினார். அறிவியலில் அடிக்கடி நடக்காத காரியம் அது.

ஓஸ்லோவிலும் இதற்கொரு கிளை உண்டு. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் யோன் மக்னே லைனோஸும் யான் மிர்ஹெய்மும் 1977இல் ஒரே மாதிரியான துகள்களைப் பற்றி எழுதினார்கள். ஒரு துகள் மற்றொன்றைச் சுற்றிப் போட்ட வளையத்தை மூன்று பரிமாணத்தில் தூக்கி அவிழ்த்துவிடலாம், தளத்தில் முடியாது. ஆகவே இரு பரிமாணத்தில் துகள்கள் இடம் மாறும்போது எந்தக் கட்டமும் எஞ்சலாம் என்றார்கள். இந்தக் கட்டுரையும் சில ஆண்டுகள் பெரிதாகப் பேசப்படவில்லை. 1982இல் இதே முடிவுக்கு வந்த ஃபிராங்க் வில்செக் இத்துகள்களுக்கு எனியான் என்று பெயரிட்டார். அவரே பின்னர் ஷேப்பியருடன் சேர்ந்து, வடிவம் மாறும் உடல்களின் திரும்பலையும் வடிவியற் கட்டமாக விளக்கினார். 1993இல் ரிச்சர்ட் மான்ட்கோமரி பூனைக்கே தனிக் கோட்பாடு எழுதினார். ஒளியியலாளர் கிரெகரி கிபர் 2019இல் விழும் பூனைகளின் வரலாற்றை முழு நூலாக்கினார்.

எனியான்கள் சோதனையில் பிடிபட்டது 2020இல். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், மிகக் குளிர்ந்த குறைகடத்தியின் எலெக்ட்ரான் தளத்தில், ஒரு துகள் மற்றொன்றைச் சுற்றிவரும்போது எஞ்சுவதாக அளக்கப்பட்ட கட்டம் 120 பாகை.