சிறு தட்டுகளின் மரபும் தரமும்

நாலு பேர் ஒரு கிரேக்க உணவகத்தில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு சாப்பாடு வருவதில்லை. பூண்டும் வெள்ளரிக்காயும் சேர்த்த கெட்டித் தயிர், திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டி வேகவைத்தது, பொரித்த பாலாடைக்கட்டி, தணலில் சுட்ட கணவாய் என்று சின்னச் சின்னத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேசை நடுவுக்கு வரும். எல்லோரும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். 'மெஸே' எனும் இந்தப் பழைய முறையைத்தான் பெருநகர உணவகங்கள் இன்று புதுப்பாணியாக நடத்துகின்றன. வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவே, அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கும் நம் செவ்வாப்பேட்டைக்காரர்களுக்கு இது அந்நியமான பழக்கம் அன்று. தமிழகத்தில் சிறு தட்டுக்குத் தனித்தனி மரபுகள் உண்டு. கறாரான தரங்களும் உண்டு.

பெயர்ந்து வந்தவர்களின் கை

1922இல் சின்ன ஆசியாவின் ஸ்மிர்னா நகரம் தீக்கிரையானது. அடுத்த ஆண்டு லோசான் உடன்படிக்கையின்படி கிரீஸுக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நடந்தது. சின்ன ஆசியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் கிரீஸுக்கு அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். சீரகமும் பட்டையும் மணக்கும் ஸ்மிர்னா கறி உருண்டை அவர்களோடு வந்ததுதான். வோலோஸ் துறைமுகத்தில் குடியேறியவர்கள் வளர்த்த கடைகளில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு: சின்னப் புட்டி சாராயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு கூடவே வரும். அது என்ன தட்டு என்பதைக் கடைக்காரரே முடிவு செய்வார்.

நம் மரபுகளில் பலவும் பெயர்ந்து வந்தவர்களின் கைப்பக்குவத்தில் வளர்ந்தவையே. முதலில் உடுப்பி மரபு. கே. கிருஷ்ணராவ் போன்றவர்கள் தென்கன்னடத்திலிருந்து சென்னைக்கு வந்து அதை நிலைநாட்டினார்கள். கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் அதன் பெருங்கூடம். ஒரு தோசையைப் பிட்டுப் பிட்டு மூவர் சாப்பிட்டு, இரண்டு காபியை நால்வர் பகிர்ந்துகொண்டு மணிக்கணக்கில் பேசியிருக்க அங்கே இடம் இருந்தது. திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948இல் வடநாட்டிலிருந்து வந்தவர் தொடங்கியது. இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துப் பரிமாறுவது அந்தக் கடையின் முத்திரை.

இரண்டாவது செட்டிநாட்டு மரபு. குழிப்பணியாரம், வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், பர்மா வணிகம் கொண்டுவந்த கவுனி அரிசி என அதன் பலகார வரிசை நீளமானது. கலியாண வீட்டில் இடைப்பலகாரத்தில் இனிப்பும் காரமும் எப்படி மாறி மாறி வருகின்றன என்பதைக் கொண்டே சமையல்காரரை எடைபோடுவார்கள்.

மூன்றாவது மதுரைச் சீமையின் கறிக்கடை மரபு. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர் ஒருவர் 1937இல் காரைக்குடியில் தொடங்கிய முனியாண்டி விலாஸ் இன்று ஊர்தோறும் இருக்கிறது. சுக்கா, ஈரல், கோலா உருண்டை, கலக்கி எல்லாம் அங்கே சாப்பாட்டுக்குப் பக்கத் துணை. ஆனால் கடையின் பெயர் நிற்பதும் விழுவதும் இவற்றில்தான்.

நான்காவது, நம் வடசென்னைக்கே உரிய பர்மா மரபு. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, பின்னர் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக, தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். பாரிமுனையில் பர்மா பஜார் தோன்றியது 1969இல். அதை ஒட்டிய அத்தோ கடை ஒன்றில் நின்று பாருங்கள். அகன்ற பாத்திரத்தில் ஒரு கை நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள். மேலே ஒரு கரண்டி பூண்டெண்ணெய், புளிக்கரைசல். மொறுமொறுப்பாகப் பொரித்த பேஜோவை நொறுக்கிப் போட்டு விரல்களால் கிளறியதும் தட்டுக்கு வந்துவிடும். கூடவே வாழைத்தண்டு மணக்கும் சூப். அடுத்து, அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் எண்ணெயும் வைத்தது. பேஜோ நமத்துப்போகுமுன் சாப்பிட வேண்டும் என்பதால் அங்கே எதையும் கலந்து வைப்பதே இல்லை.

ஐந்தாவது ஈழத்து மரபு. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதால் நம் மாவட்டத்துக்கு இது அயல் உறவு. ஈழத்துத் தேநீர்க்கடைகளில் ரோல்ஸ், கட்லட், வடை எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி மேசையில் வைத்துவிடுவார்கள். எத்தனை எடுத்தீர்களோ அதற்கு மட்டும் காசு. வாடிக்கையாளரின் நாணயத்தை நம்பி நடக்கும் இந்த வழக்கம் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

தரம் எது

இந்த மரபுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. ஒன்று, பதம். பெரிய சாப்பாட்டில் ஒரு கூட்டு சறுக்கினாலும் ரசமும் மோரும் காப்பாற்றிவிடும். சிறு தட்டுக்கு அந்தத் துணை கிடையாது. இரண்டு, வரிசை. எண்ணெய்ப் பண்டத்துக்குப் பின் புளிப்பு, காரத்துக்குப் பின் தயிர் என்று நாக்கு இளைப்பாற வேண்டும். மூன்று, சப்ளையரின் கண். மேசையில் தட்டு காலியாவதைப் பார்த்து அடுத்ததைச் சொல்லி அனுப்புகிறவர் அவர். சரக்கு மாஸ்டர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், அந்தக் கண் இல்லாவிட்டால் ஆறு தட்டும் ஒரே நேரத்தில் வந்து, பேச்சு முடிவதற்குள் நான்கு ஆறிப்போகும். மெஸே பரிமாறும் நவீன உணவகத்தையும் இந்த மூன்றால்தான் அளக்க வேண்டும். பீங்கான் தட்டும் விளக்கலங்காரமும் கணக்கில் சேரா.

நம் வட்டாரத்தில் இது வெறும் ருசிப் பேச்சு இல்லை. காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்கள், பல மாநிலங்களிலிருந்து வந்து ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைப்பதே அபூர்வம். அவர்களுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தரும் பார்சல். வடை சாம்பாரில் ஊறி, பூரி விறைத்து, எந்தப் பண்டமும் தன் பதத்தில் கைக்கு வருவதில்லை.

ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருப்போருக்கு என் வேண்டுகோள் இது. இருபது அயிட்டம் எழுதிய பலகை வேண்டாம், ஐந்து போதும். ஆனால் ஐந்தும் கேட்டபின் கல்லிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வரட்டும். அரைத் தட்டு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். இருவர் ஒரு தட்டில் சாப்பிட்டால் அதிகப்படி ஒரு கிண்ணம் சட்னி வையுங்கள். வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் கால் மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட இது போதும். இந்த மரபுகளை வளர்த்தவர்களில் பலரும் பிழைப்புத் தேடியோ உயிர் பிழைக்கவோ ஊர்விட்டு வந்தவர்கள்தாம். அவர்கள் காத்த தரத்தை இன்று வந்திருப்பவர்களுக்குத் தருவது நம் கடமை.