இலை போட இடமில்லை

மால்தஸை நான் முதலில் படித்தது கீழ்வேளூரில், அப்பாயி வீட்டுத் திண்ணையில், சம்பா அறுப்பு நடந்த நாட்களில். மக்கள்தொகை மடங்கு மடங்காகப் பெருகும், விளைச்சல் படிப்படியாகத்தான் கூடும், மிஞ்சுகிறவர்களைப் பஞ்சமும் நோயும் பார்த்துக்கொள்ளும். 1798-இல் வந்த அந்தக் கட்டுரையின் சாரம் இது. படித்தபோது சரியாகத்தான் பட்டது.

இடறியது, அதை விரித்தெழுதிய 1803 பதிப்பில். எல்லாம் பிறருக்குச் சொந்தமாகிவிட்ட உலகில், உழைப்புக்கும் தேவையில்லாமல் வந்து பிறக்கிறவனுக்கு இயற்கையின் விருந்தில் இலை கிடையாது, எழுந்து போ என்று இயற்கையே சொல்லிவிடும் என்கிறார். பிந்தைய பதிப்புகளில் இந்தப் பத்தி இல்லை. ஆனால் நூலின் மனசு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'இயற்கை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மிராசுதார்' என்று போட்டுப் படியுங்கள், வாக்கியம் அப்படியே நிற்கும்.

கீழ்வெண்மணி எங்கள் வட்டத்து ஊர்தான். தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்வான முதல் மாவட்டங்களில் ஒன்று அன்றைய தஞ்சாவூர். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 ரகம் வயலுக்கு வந்தது, விளைச்சல் ஏறியது. மால்தஸ் கணக்குப்படி பசி தணிந்திருக்க வேண்டிய காலம். அப்போதுதான் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் சேரியில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். பந்தியில் இலை மறுக்கப்பட்டவர்கள் சோற்றை விளைவித்தவர்கள். இதற்கு மால்தஸிடம் பதில் இல்லை. அப்பாயியிடம் இருந்தது: "நெல்லு எங்கடா கொறஞ்சுது? மரக்கா யாரு கையில இருந்துச்சு, அதச் சொல்லு."

அதற்காக எண்ணிக்கையே பொருட்டல்ல என்று நான் சொன்னால் அது பொய். 2018-இல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75-இல் 4.75 பெருகிவிட்ட பெங்களூருவின் குடிநீருக்கு. அங்கே தாகம் நிஜம். அதை மறுக்க எனக்கு வாய் வராது. மீதி 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம், டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. சராசரியில் இருக்கலாம். நாகைப் பக்கம் கடைமடையில் போர் போட்டால் பல இடங்களில் வருவது உப்புத் தண்ணீர்.

மால்தஸின் குறையும் இதே சராசரிதான். மொத்த ஜனம், மொத்த நெல், தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது மேட்டு மடையும் கடைமடையும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழ்நாட்டில் இப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள்தான் என்கிறது 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. பெற்றுப் பெருக்குகிறோம் என்று இனி எங்களைக் கைகாட்ட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் மேட்டூர் திறக்குமா, திறந்தாலும் கடைசி வாய்க்கால் வரை வருமா என்றுதான் ஊர் காத்திருக்கிறது.

மால்தஸைப் படியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அப்பாயியின் கேள்வியைக் கேட்டுக்கொண்டே படியுங்கள்.