அரும்பும் கடை மாணாக்கனும்

நீடாமங்கலத்து உழவர் குறுவை நெல்லை ஏறக்குறைய 110 நாளில் அறுப்பர். நீண்டகாலச் சம்பாவுக்கு 150 நாளுக்கு மேலும் காத்திருப்பர். தாமதித்து விளைவதால் அதனை எவரும் தாழ்ந்த நெல் என்பதில்லை. கல்வியில் இப்பொறுமை நமக்கு உண்டா?

பவணந்தியாரின் நன்னூல் அன்னத்தையும் ஆவையும் தலை மாணாக்கருக்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடை மாணாக்கருக்கும் உவமையாக்கிற்று. வேற்றுமையை நுட்பமாகக் கண்ட அவ்வுவமைகள், கடையன் மேலேறும் வழியைக் காட்டவில்லை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமோ தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தது. அரும்பு மலரும் என்ற நம்பிக்கை அப்பெயரிலேயே உள்ளது.

இன்றைய இணையவழிக் கல்விமுறைகள் சில, மாணவரின் விடைகளைக் கணக்கிட்டு அடுத்த பாடத்தை எளிதாக்கவோ கடினமாக்கவோ செய்கின்றன. இது நன்றே. ஆனால் தவறான விடையை மட்டும் காணும் கருவி, பாடம் விளங்காமையையும், பசியையும், கைபேசியை அண்ணனிடம் திருப்பித் தரவேண்டிய அவசரத்தையும் பகுத்தறியாது. தவறியவனுக்கு என்றும் எளியதையே அளிப்பின், அரும்பு அரும்பாகவே நின்றுவிடும். பழைய கடைத்தரம் புதுவேடத்தில் திரும்பும். கருவி இட்ட தரத்தை ஆசிரியர் மாற்ற இயலுமா? திருமண்டலப் பள்ளிகளுக்குப் பொறுப்பேற்கும் நாம், எம்முறையையும் ஏற்குமுன் இதனையே முதலில் வினவுதல் வேண்டும்.